பாதியில் போனாரா? பாதியில் விட்டார்களா?

அமெரிக்கக் கால்பந்தில் கோடி டாலர் ஆட்டக்காரர்கள் நடு சீசனில் கோஷ்டியை விட்டுப் போவது ஏன்?

2022-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி, வியாழக்கிழமை இரவு. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்த ஒரு பெரிய மைதானத்தில் கால்பந்து ஆட்டம் நடந்து கொண்டிருந்தது.

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் கூட இல்லை. லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் கோஷ்டி 16 புள்ளி எடுத்திருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் கோஷ்டி 10 புள்ளி.

பந்து ராம்ஸ் கையில் இருந்தது. ஆனால் எங்கே? தங்கள் சொந்த எல்லைக் கோட்டிலிருந்து இரண்டே கெஜ தூரத்தில்! எதிரியின் எல்லையைத் தொட வேண்டுமானால் 98 கெஜம் போக வேண்டும்.

ராம்ஸ் கோஷ்டியை அன்று நடத்தியவர் பேக்கர் மேபீல்டு. அவர் அந்தக் கோஷ்டியில் சேர்ந்து எத்தனை நாள் ஆயிற்று? இரண்டே நாள்! திங்கட்கிழமை வரை அவர் நாட்டின் மறு கோடியில் கரோலினா பாந்தர்ஸ் கோஷ்டியில் இருந்தவர். செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் விமானத்தில் வந்து இறங்கினார். கூட ஆடுகிறவர்களின் பெயர் கூட அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்க நேரமில்லை.

அப்படி வந்தவர் அந்த 98 கெஜத்தையும் கடந்தார். கடைசி விநாடிகளில் பந்தை வீசினார். ராம்ஸ் 17, ரெய்டர்ஸ் 16. மைதானமே அதிர்ந்தது!

அன்று தோற்ற ரெய்டர்ஸ் கோஷ்டியை நடத்தியவர் டெரக் கார். 9 ஆண்டுகளாக அந்தக் கோஷ்டியின் தூண்.

சரியாக 20 நாள் கழிந்தது. டிசம்பர் 28-ந் தேதி இன்னொரு செய்தி வந்தது. "டெரக் கார் இனி இந்த சீசனில் ஆட மாட்டார், கோஷ்டியை விட்டு விலகி இருக்கிறார்" என்பதே அந்தச் செய்தி.

இன்னும் இரண்டே ஆட்டங்கள் பாக்கி. காலில் காயமில்லை. கையில் காயமில்லை. பின் ஏன் போனார்?

ஒரே மாதத்தில் இருவர் தங்கள் கோஷ்டியை விட்டார்கள். ஒருவர் போய் வீரர் ஆனார். மற்றவர் போய் வீட்டில் உட்கார்ந்தார். இது என்ன விந்தை? கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

இது என்ன ஆட்டம்?

நாம் அறிந்த கால்பந்து வேறு. அமெரிக்கக் கால்பந்து வேறு. பெயர்தான் கால்பந்து. பந்தைக் கையில் பிடித்துக் கொண்டு ஓடுவதும், கையால் வீசுவதும்தான் அதில் பெரும் பகுதி. பந்தும் உருண்டை அல்ல; இரு முனையும் கூர்மையாக இருக்கும்.

பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 கெஜ நீளம். பந்து வைத்திருக்கும் கோஷ்டிக்கு நான்கு சந்தர்ப்பம் கொடுப்பார்கள். அதற்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு சந்தர்ப்பம். இல்லாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். இப்படியே நகர்ந்து நகர்ந்து எதிரியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு போனால் 6 புள்ளி.

இந்த 11 பேரில் ஒருவருக்குப் பெயர் "குவார்ட்டர்பேக்". ஒவ்வொரு முறையும் பந்து முதலில் இவர் கைக்குத்தான் வரும். வீசுவதா, ஓடுவதா, அடுத்தவரிடம் கொடுப்பதா? கண் இமைக்கும் நேரத்தில் இவர் முடிவு செய்ய வேண்டும். எதிரில் மலை போன்ற ஆட்கள் இவரை வீழ்த்த ஓடி வருவார்கள். இவரைக் காப்பதற்கென்றே ஐந்து பேர் வரிசையாக முன்னால் நிற்பார்கள்.

இவருடைய தலைக்கவசத்துக்குள் ஒரு சின்ன ரேடியோ உண்டு. மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர் அதில் உத்தரவு சொல்வார். ஆனால் பந்தை எடுக்க வேண்டிய நேரத்துக்கு 15 விநாடி இருக்கும்போதே அந்த ரேடியோ தானாக நின்று விடும். அப்புறம் எல்லாம் இவர் மூளைதான், இவர் கைதான்.

கப்பலுக்கு மாலுமி எப்படியோ அப்படி, கோஷ்டிக்கு இவர். ஆகவேதான் மற்ற யாரையும் விட இவருக்குச் சம்பளம் அதிகம். ஜெயித்தால் இவருக்கு மாலை. தோற்றால் இவருக்கே திட்டு.

அமெரிக்காவில் இப்படி 32 கோஷ்டிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளி, அல்லது முதலாளிகள் உண்டு. செப்டம்பரில் தொடங்கி ஜனவரி தொடக்கம் வரை 18 வாரம் சீசன். அதில் ஒரு கோஷ்டிக்கு 17 ஆட்டம். வாரம் ஓர் ஆட்டம் என்பதால் ஒவ்வொன்றும் உயிர்ப் பிரச்னை.

இந்த 18 வாரத்துக்கு நடுவே மாலுமி இறங்கிப் போனால் யாருக்குத்தான் கோபம் வராது? டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்த ரசிகர், மகனுக்கு அவர் பெயர் போட்ட சட்டை வாங்கிக் கொடுத்த தகப்பனார், அவருக்காக வாரா வாரம் அடி வாங்கிய சக ஆட்டக்காரர் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள். "ஓடிப் போய்விட்டான்!"

அந்த வார்த்தை நியாயமானதுதானா? காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் தெரியும்.

முதல் காரணம்: கணக்குப் புத்தகம்

"16 கோடி டாலருக்கு ஒப்பந்தம்!" என்று பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் போடுவார்கள். படிக்கிற நாம் வாயைப் பிளப்போம். அவ்வளவு பணமும் அவர் பெட்டியில் விழுந்து விட்டது என்று நினைப்போம்.

அது தவறு. அந்தப் பணம் ஆண்டு ஆண்டாகப் பிரித்துத் தர வேண்டியது. அதில் ஒரு பகுதிக்குத்தான் முழு உத்தரவாதம் உண்டு. பாக்கிப் பணம், அந்த ஆட்டக்காரர் அந்தந்த ஆண்டில் கோஷ்டியில் இருந்தால்தான் வரும். முதலாளி நடுவில் சீட்டைக் கிழித்தால் பாக்கி போயிற்று.

ஆனால் பெரிய குவார்ட்டர்பேக்குகளின் ஒப்பந்தத்தில் ஒரு சின்ன வரி இருக்கும். அது என்ன? "ஆட்டத்தில் பெரிய காயம் பட்டு, குறித்த நாளில் வைத்தியப் பரிசோதனையில் தேறாவிட்டால், அடுத்த ஆண்டுச் சம்பளத்தைக் கொடுத்தே தீர வேண்டும்." இதுதான் அந்த வரியின் சாரம். இது ஆட்டக்காரருக்குப் பாதுகாப்பு. உடம்பை வைத்துப் பிழைக்கிறவருக்கு இது வேண்டியதுதான்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. "அடுத்த ஆண்டு இவர் வேண்டாம்" என்று முதலாளி மனதுக்குள் முடிவு செய்து விட்டார் என்று வைத்துக் கொள்வோம். இன்னும் சில ஆட்டங்கள் பாக்கி. அவரை ஆட விட்டால் என்ன ஆகும்? ஒருவேளை கால் முறியலாம். முறிந்தால் கோடிக் கணக்கில் கொடுக்க வேண்டி வரும். ஆகவே அவரை ஆட விடாமல் பெஞ்சில் உட்கார வைப்பதே லாபம்!

டெரக் கார் விஷயத்தில் நடந்தது இதுதான். 2023 பிப்ரவரி 15-ந் தேதி அவர் பெயர் பட்டியலில் இருந்தால், 4 கோடியே 4 லட்சம் டாலருக்கு முதலாளி பொறுப்பு ஏற்க வேண்டும். காயம் பட்டாலும் அந்தத் தொகை தலையில் விழும். கிறிஸ்துமஸ் சமயத்தில் பிட்ஸ்பர்க்கில் ரெய்டர்ஸ் தோற்றது. கார் சரியாக ஆடவில்லை என்பதும் உண்மை. நான்கு நாளில் பயிற்சியாளர், "அடுத்த ஆட்டத்தை வேறொருவர் ஆரம்பிப்பார்" என்று அறிவித்து விட்டார்.

கார் என்ன செய்வார்? 9 ஆண்டு நடத்திய இடத்தில் மூலையில் நின்றால் புதியவருக்கும் சங்கடம், தமக்கும் சங்கடம். கோஷ்டியின் சம்மதத்தோடுதான் அவர் விலகி நின்றார். பிப்ரவரி 14-ந் தேதி, அதாவது கெடுவுக்கு ஒரு நாள் முன்பு, கோஷ்டி அவரை விடுவித்தது.

ஆகவே, "டெரக் கார் போய்விட்டார்" என்ற செய்தியில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அவர் போவதற்கு முன்பே கோஷ்டி அவரை விட்டு விட்டது என்பது.

போனவரும் தங்கியவரும்

மறு ஆண்டு, 2023 டிசம்பரில், டென்வர் நகரில் இதே கதை. அங்கே ரஸ்ஸல் வில்சன் என்பவர் குவார்ட்டர்பேக். பல ஆண்டுகளுக்கு முன் சியாட்டில் கோஷ்டிக்கு நாட்டின் முதல் பரிசையே வாங்கித் தந்தவர். அவர் ஒப்பந்தத்திலும் அந்தக் காய வரி இருந்தது. தொகை 3 கோடியே 70 லட்சம் டாலர்.

இரண்டு ஆட்டம் பாக்கியிருக்கையில் அவரையும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவர் நிருபர்களிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார். "நடு சீசனிலேயே என்னிடம் வந்தார்கள். காய உத்தரவாதத்தை மாற்றிக் கொள்ளாவிட்டால் மீதி ஆட்டங்களில் இடமில்லை என்றார்கள்" என்பது அவர் வாதம். பயிற்சியாளரோ, "ஆட்டம் மேம்பட வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம்" என்றார்.

வில்சன் வீட்டுக்குப் போகவில்லை. சீசன் முடியும் வரை கோஷ்டியோடு இருந்தார். பயிற்சிக்கு வந்தார். புதியவருக்குக் கை கொடுத்தார்.

முடிவு என்ன? 2024 மார்ச்சில் அவரையும் விடுவித்தார்கள். அந்த ஆண்டுக்கு ஏற்கனவே உத்தரவாதமாகியிருந்த 3 கோடியே 90 லட்சம் டாலர் சம்பளத்துக்கும் பொறுப்பு ஏற்றுக் கொண்டே விடுவித்தார்கள்.

கார் போனார், வில்சன் தங்கினார். இருவருக்கும் கிடைத்தது ஒரே முடிவு. ஆகவே போவதோ தங்குவதோ இங்கே பெரிய விஷயமல்ல. முடிவு வேறு அறையில், வேறு மேஜையில் ஏற்கனவே ஆகிவிட்டது.

2024 நவம்பரில் நியூயார்க்கில் மூன்றாவது முறை இதைப் பார்த்தோம். டேனியல் ஜோன்ஸ் என்பவர் 2023-ல் 4 ஆண்டுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டவர். அதன் பிறகு ஜயண்ட்ஸ் கோஷ்டி தோற்றுக் கொண்டே வந்தது. அவருடைய காய உத்தரவாதம் 2 கோடியே 30 லட்சம் டாலர். நவம்பர் 18-ந் தேதி அவர் இடம் பறிபோனது. "என்னை விடுவித்து விடுங்கள்" என்று அவரே கேட்டார். 22-ந் தேதி விடுவித்தார்கள். அடுத்த வாரமே மினசோட்டா கோஷ்டியில் பயிற்சி ஆட்டக்காரராகச் சேர்ந்தார். கோடிகளில் ஆடியவர் கடைசி வரிசையில் போய் நின்றார்!

இரண்டாவது காரணம்: கைமாற்றம்

ஒரு கோஷ்டிக்கு வேண்டாதவர் இன்னொரு கோஷ்டிக்கு அவசரமாக வேண்டியிருக்கும். அப்போது இரு முதலாளிகளும் பேசி ஆளை மாற்றிக் கொள்வார்கள். ஆட்டக்காரரின் ஒப்பந்தம் அப்படியே அடுத்த கோஷ்டிக்குப் போகும். பதிலாக, வரும் ஆண்டுகளில் புது இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுப்பார்கள்.

பெரும்பாலான ஆட்டக்காரர்களைக் கேட்காமலே இதைச் செய்யலாம். காலையில் ஓர் ஊர். மாலையில் வேறு ஊர். மனைவி மக்கள், பள்ளிக்கூடம், வீடு எல்லாம் பின்னால் மெள்ள வந்து சேர வேண்டும்.

இதற்கும் கெடு உண்டு. இப்போதைய விதிப்படி 9-வது வாரம் முடிந்த செவ்வாய்க்கிழமையோடு கைமாற்றக் கதவு சாத்தப்படும். ஆகவேதான் அக்டோபர் மாதத்தில் இந்தச் செய்திகள் அடிக்கடி வரும்.

2025 அக்டோபர் 7-ந் தேதி நடந்ததைப் பாருங்கள். ஜோ பிளாக்கோவுக்கு அப்போது 40 வயது. கிளீவ்லாண்டு கோஷ்டி அவரை ஒதுக்கி, இளைஞர் ஒருவரை ஆட விட்டிருந்தது. சின்சினாட்டியில் பிரதம குவார்ட்டர்பேக் ஜோ பரோ கால் விரல் காயத்தால் படுத்து விட்டார். பிளாக்கோ கைமாறினார். ஐந்தே நாளில் புதுச் சட்டை போட்டுக் களத்தில் இறங்கினார். அதற்கு அடுத்த ஆட்டத்தில் பிட்ஸ்பர்க்கை 33-க்கு 31 என்று வீழ்த்தினார்!

இது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. 1957-ல் டெட்ராயிட் லயன்ஸ் கோஷ்டி தேசப் பட்டம் வென்றது. அதன் புகழ் பெற்ற குவார்ட்டர்பேக் பாபி லேன். 1958 சீசனில் இரண்டே ஆட்டம் முடிந்திருந்தது. அவரைப் பிட்ஸ்பர்க்குக்கு மாற்றி விட்டார்கள். புகழும் அவரைக் காப்பாற்றவில்லை, பழக்கமும் காப்பாற்றவில்லை.

மூன்றாவது காரணம்: தானே கேட்டுப் போவது

இங்கேதான் ஆட்டக்காரரின் சொந்த விருப்பம் வருகிறது.

பேக்கர் மேபீல்டு கரோலினாவில் 6 ஆட்டம் ஆரம்பித்தார். ஒன்றில்தான் வெற்றி. அவர் இடம் பறிபோனது. பெஞ்சில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிக் கொண்டு சீசனை ஓட்டியிருக்கலாம். அவர் அதை விரும்பவில்லை. விடுவிக்கும்படி கேட்டார். விடுவித்தார்கள்.

அப்படி விடுபட்டவர் பெயர் ஒரு நாள் பொதுப் பட்டியலில் நிற்கும். எந்தக் கோஷ்டியும் கேட்கலாம். ராம்ஸ் கேட்டது. அவர்களுடைய பிரதம ஆட்டக்காரர் காயப்பட்டுக் கிடந்தார். அதன் பிறகு நடந்ததுதான் முதலில் சொன்ன 98 கெஜ அதிசயம். அந்த ஓர் இரவு அவர் வாழ்வை மாற்றியது. மறு ஆண்டு டாம்பா பே கோஷ்டி 40 லட்சம் டாலருக்கு அவரை எடுத்தது. அங்கே நன்றாக ஆடினார். 2024-ல் அதே கோஷ்டி 3 ஆண்டுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது!

ஆனால் எல்லோருக்கும் இப்படிக் கதவு திறக்காது. ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரர் வேலையை விட்டு வீட்டுக்குப் போகலாம். வேறு கோஷ்டிக்குப் போய் ஆட முடியாது. பழைய முதலாளி கையெழுத்துப் போட வேண்டும்.

கார்சன் பாமர் இதை 2011-ல் சோதித்துப் பார்த்தார். சின்சினாட்டி கோஷ்டியிடம், "என்னை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஆட்டத்தையே விடுகிறேன்" என்றார். முதலாளி மசியவில்லை. சீசன் தொடங்கியது. பாமர் வீட்டில் இருந்தார். ஒரு வாரம், இரண்டு வாரம் என்று நாள் ஓடியது. சம்பளமில்லை. அக்டோபரில் ரெய்டர்ஸ் கோஷ்டியின் குவார்ட்டர்பேக் எலும்பு முறிந்து விழுந்தார். இரண்டு பெரிய தேர்வு உரிமைகளைக் கொடுத்துப் பாமரை வாங்கிக் கொண்டார்கள். அவர் பிடிவாதம் ஜெயித்தது உண்மைதான். ஆனால் இன்னொருவரின் எலும்பு முறியாதிருந்தால் அது ஜெயித்திருக்குமா? சொல்ல முடியாது.

நான்காவது காரணம்: உடம்பு

கடைசிக் காரணம் மற்ற மூன்றையும் விடப் பெரிது.

ஆண்ட்ரூ லக் என்ற இளைஞர் 2012-ல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் கோஷ்டிக்கு வந்தார். அந்த ஆண்டுப் புது ஆட்டக்காரர்களில் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஊரே அவரைக் கொண்டாடியது.

அவர் உடம்பு பட்ட பாட்டைக் கேளுங்கள். விலா எலும்பை ஒட்டிய குருத்தெலும்பு கிழிந்தது. வயிற்றுத் தசை கிழிந்தது. சிறுநீரகம் கிழிந்து சிறுநீரில் ரத்தம் வந்தது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தது. பந்து வீசும் தோளிலேயே கிழிசல் ஏற்பட்டது. தோள் ஆபரேஷனால் 2017 சீசன் முழுவதும் ஆட முடியவில்லை. 2018-ல் திரும்பி வந்து அற்புதமாக ஆடினார். "மீண்டு வந்த வீரர்" என்ற பரிசும் வாங்கினார். 2019-ல் மறுபடி கால் வலி.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 24-ந் தேதி. சீசனின் முதல் ஆட்டத்துக்கு இன்னும் 15 நாள். ஒத்திகை ஆட்டம் ஒன்று நடந்து கொண்டிருந்தது. லக் ஆடவில்லை, ஓரத்தில் நின்றிருந்தார். அவர் ஓய்வு பெறப் போகிறார் என்ற செய்தி எப்படியோ வெளியே கசிந்தது. ரசிகர்கள் கையிலிருந்த டெலிபோன்களில் அதைப் படித்தார்கள். ஆட்டம் முடிந்து அவர் உள்ளே போகும்போது கூச்சலிட்டுப் பழித்தார்கள். ஏழு ஆண்டுகளாகக் கை தட்டிய அதே கூட்டம்தான்!

சற்று நேரத்தில் அவர் நிருபர்கள் முன் நின்றார். கண் கலங்கிற்று. காயம், வலி, சிகிச்சை, மறுபடி காயம் என்று நான்கு ஆண்டுகளாகச் சுழன்று கொண்டிருப்பதாகவும், ஆட்டத்தின் மேலிருந்த ஆசையையே அது கொண்டு போய்விட்டதாகவும் சொன்னார். ரசிகர்களின் கூச்சல் மனதைப் புண்படுத்தியதா என்று கேட்டார்கள். "ஆம்" என்று ஒப்புக் கொண்டார். அப்போது அவருக்கு வயது 29.

அந்தக் கோஷ்டி நினைத்திருந்தால் முன்பணமாகக் கொடுத்ததில் சுமார் 2½ கோடி டாலரைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். ஒப்பந்தத்தில் அந்த உரிமை உண்டு. முதலாளி கேட்கவில்லை. இதையும் சொல்ல வேண்டும். முதலாளிகள் எல்லோருமே கல் நெஞ்சர்கள் அல்ல.

லக் பிறகு ஸ்டான்போர்டு சர்வகலாசாலைக்குத் திரும்பிப் போய்ப் படித்தார். 2024-ல் அதே சர்வகலாசாலையின் கால்பந்துக் கோஷ்டிக்கு நிர்வாகத் தலைவர் ஆனார். ஆட்டத்தை அவர் வெறுக்கவில்லை என்பதற்கு இது போதாதா?

உடம்பு எச்சரிப்பதைக் கேட்காதவர்களும் உண்டு. அதிலும் மூளைக் காயம் பொல்லாதது. ஸ்டீவ் யங் என்ற மகா வீரர் 1999 செப்டம்பரில் தலையில் அடிபட்டுச் சாய்ந்தார். அந்த சீசனில் பிறகு அவர் ஆடவே இல்லை. 2000-ல் ஓய்வு பெற்றார். கை முறிந்தால் கட்டுப் போடலாம். மூளைக்குக் கட்டுப் போட முடியுமா?

நியூயார்க்கிலிருந்து விலகிய டேனியல் ஜோன்ஸையும் இங்கே நினைக்க வேண்டும். 2025-ல் அவர் இதே இண்டியானாபொலிஸ் கோஷ்டிக்கு வந்தார். முதல் 10 ஆட்டத்தில் 8 வெற்றி! எல்லோரும் வியந்தார்கள். டிசம்பர் 7-ந் தேதி குதிகால் தசைநார் அறுந்தது. சீசன் முடிந்தது. கோஷ்டி தவித்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே ஆட்டத்தை விட்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்துக் கொண்டிருந்த 44 வயது பிலிப் ரிவர்ஸைக் கூப்பிட்டு வந்து ஆட வைத்தார்கள். ஒரு குவார்ட்டர்பேக் இல்லாமல் போனால் கோஷ்டி எப்படித் தத்தளிக்கும் என்பதற்கு இதை விட வேறு சாட்சி வேண்டாம்.

அதே சம்பவம் இன்னொன்றையும் காட்டுகிறது. "ஒப்பந்தத்தில் காய வரி எதற்கு? இது பேராசை அல்லவா?" என்று கேட்பவர்களுக்கு அந்தக் குதிகாலே பதில்.

யாருக்கு யார் விசுவாசம்?

ரசிகர்களின் மனவருத்தம் பொய்யல்ல. குறிப்பாக, முன்வரிசையில் நின்று அடி வாங்கும் ஆட்டக்காரரின் வருத்தம் பொய்யல்ல. அவருக்கும் ஆடும் காலம் கொஞ்சமே. நல்ல குவார்ட்டர்பேக் நடுவில் போனால் அவருடைய ஓர் ஆண்டும் வீணாகிறது. அவருக்குக் கோடிகளும் இல்லை. ஆகவே தகுந்த காரணமின்றிப் பாதியில் போகிறவரைக் குறை சொல்வதில் தவறில்லை.

ஆனால் தராசுக்குத் தட்டு இரண்டு. மற்றத் தட்டையும் பாருங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் கோடைப் பயிற்சிக்கு ஒரு கோஷ்டி 90 பேர் வரை சேர்க்கும். ஆகஸ்டு முடிவதற்குள் அதை 53 பேராகக் குறைக்க வேண்டும். 32 கோஷ்டிகளையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சில நாட்களுக்குள் வேலை இழக்கிறார்கள். சிலருக்குப் பயிற்சி ஆட்டக்காரராக இடம் கிடைக்கும். மற்றவர்கள் மூட்டை கட்டிக் கொண்டு ஊருக்குப் போவார்கள். அன்றைக்கு எந்த மைதானத்திலும் யாரும் கூச்சல் போடுவதில்லை. "கோஷ்டி விசுவாசமில்லாமல் நடந்து விட்டது" என்று யாரும் சொல்வதில்லை. "அது வியாபாரம்" என்று விட்டு விடுகிறார்கள்.

கோஷ்டி ஆளை விட்டால் வியாபாரம். ஆள் கோஷ்டியை விட்டால் துரோகம். இது எந்த ஊர் நியாயம்?

சாறு உள்ள வரை கரும்பு. சாறு போனால் சக்கை. ஆட்டக்காரர்களும் இதை அறிந்தே இருக்கிறார்கள். ஆகவேதான் காற்றுள்ளபோதே தூற்றிக் கொள்ளப் பார்க்கிறார்கள். அதை மட்டும் பேராசை என்பது முழு உண்மை ஆகாது.

அடுத்த முறை செய்தி வந்தால்

அடுத்த சீசனிலும் இப்படி ஒரு செய்தி வரத்தான் போகிறது. "பிரபல குவார்ட்டர்பேக் கோஷ்டியை விட்டார்!" என்று தலைப்புப் போடுவார்கள். அதைப் படிக்கும்போது மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: அவர் போவதற்கு முதல் நாள் களத்தில் இருந்தாரா, பெஞ்சில் இருந்தாரா? பெஞ்சில் இருந்தார் என்றால் கோஷ்டி முந்திக் கொண்டது என்று பொருள்.

இரண்டு: காலண்டரில் எந்தத் தேதி நெருங்குகிறது? கைமாற்றக் கெடுவா, சம்பள உத்தரவாதம் விழும் நாளா? தேதியைப் பார்த்தால் பாதிக் காரணம் தெரிந்து விடும்.

மூன்று: அவர் உடம்பு எத்தனை முறை கத்தியைப் பார்த்தது? அந்தக் கணக்கு ஒப்பந்தத்தில் இராது. வைத்தியரிடம் இருக்கும், அவர் மனைவிக்கும் தெரியும்.

இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு, அவரைத் திட்டுவதா வாழ்த்துவதா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

டெரக் காரின் கதையை முடிக்காமல் விடக் கூடாது. 2023-ல் அவர் நியூ ஆர்லீன்ஸ் கோஷ்டியில் சேர்ந்தார். இரண்டு சீசன் ஆடினார். 2025 மே மாதத்தில், பந்து வீசும் தோளில் ஏற்பட்ட காயத்தால் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். 2022 டிசம்பரில் முதலாளி எந்தக் காயத்துக்குப் பயந்து அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தாரோ, அப்படி ஒரு காயம் வேறோர் ஊரில் அவருக்கு வந்தே விட்டது.

கணக்குப் போட்ட முதலாளி கெட்டிக்காரர்தான். ஆனால் அந்தத் தோள் அவருடையதல்ல. தோள் யாருடையதோ அவருக்கும் கணக்குப் போட உரிமை உண்டு.